செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு: டெல்டா வீடுகளில் பழைய தொலைபேசி எண்ணை இழக்காமல் மாறும் வழி

ஐப்பசியில் அடைமழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால், வெட்டாற்றங்கரை ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் கரகரப்பு தொடங்கிவிடும். வாய்க்கால் ஓரமாகப் புதைத்த கேபிளின் இணைப்புகளுக்குள் ஈரம் இறங்கி, இரண்டு செம்புக் கம்பிகளுக்கும் இடையே மின்கசிவு ஏற்படுவதுதான் அதற்குக் காரணம். தை பிறந்து மண் காய்ந்ததும் குரல் தானாகவே தெளிந்துவிடும் என்பதால் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டோம். கேபிளைத் தோண்டி இணைப்பைப் புதுப்பிக்கத் தெரிந்த லைன்மேன்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுவிட்ட பிறகு, ஓர் ஆண்டு தை முடிந்தும் குரல் திரும்பவில்லை. எண்பது வயதைக் கடந்த அம்மாவுக்குக் கைப்பேசித் திரையைத் தொட்டுப் பேசுவது பழகவில்லை. சிங்கப்பூரிலும் மஸ்கட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கோ அந்த வீட்டின் ஆறு இலக்க எண்தான் மனப்பாடம். எனவே எண்ணை விடாமல் இணையவழித் தொலைபேசிக்கு மாறுவது என்று முடிவு செய்தோம். எங்கள் வீட்டிலும், அதன் பிறகு கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உள்ள உறவினர் வீடுகளிலும் அந்த மாற்றத்தை உடனிருந்து செய்ததில் கற்றுக்கொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். இந்த வரிசையில் ஒரு படி முன்பின்னாகப் போனால் எண் போய்விடும், அல்லது மின்தடையின்போது தொலைபேசி ஊமையாகிவிடும்.

எது மாறுகிறது

பழைய இணைப்பில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை ஒரு ஜோடி செம்புக் கம்பி வருகிறது. அந்தக் கம்பியே குரலையும் சுமக்கிறது, தொலைபேசி இயங்குவதற்கான ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரத்தையும் கொண்டுவருகிறது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி வரிசையும் ஜெனரேட்டரும் இருப்பதால், ஊரே இருளில் மூழ்கினாலும் வீட்டில் மணி அடிக்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டும் போகும், மின்சாரம் போகாது. வீட்டில் பொருத்தப்படும் ஓஎன்டி எனும் பெட்டிதான் உங்கள் குரலை 0, 1 என்ற எண்வடிவத்துக்கு மாற்றி, சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. ஆகவே அந்தப் பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் தொலைபேசியும் இல்லை.

பயன்கள் உண்மையானவை. கண்ணாடி இழையை ஈரம் செம்பைப் போல் பாதிப்பதில்லை. குரல் தெளிவாக இருக்கும். ஒரு அழைப்புக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் வேகமே போதும் என்பதால், பேரப்பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பாட்டியின் பேச்சு தடைபடாது. ஃபைபர் நிறுவனங்கள் குரலை வழக்கமாகத் தனித் தடத்தில், முன்னுரிமை கொடுத்து அனுப்புகின்றன. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பட்டன் தொலைபேசியையே பெட்டியின் தொலைபேசித் துளையில் செருகிப் பயன்படுத்தலாம். முதியவர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

முதல் படி: இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

டெல்டா கிராமங்களில் பெரும்பாலான பழைய இணைப்புகள் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கின்றன. அவர்கள் காலமான பிறகும் பில் அதே பெயரில் வந்துகொண்டிருக்கும், நாமும் கட்டிக்கொண்டிருப்போம். அடையாளச் சரிபார்ப்பு கேட்கப்படும் ஃபைபர் விண்ணப்பத்தில்தான் இது சிக்கலாக எழும். எனவே எந்தத் திட்டம் மலிவு என்று பார்ப்பதற்கு முன்பே, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், உங்கள் ஆதார் நகல், கடைசியாகக் கட்டிய பில் ஆகியவற்றுடன் வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு நேரில் சென்று பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். அண்ணன் கோயம்புத்தூரிலும் தங்கை சென்னையிலும் இருந்தால், தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எல்லாரும் ஊரில் கூடும் நாளில் கையெழுத்து வாங்கி வைப்பது அலைச்சலைக் குறைக்கும். பாக்கித் தொகை ஏதேனும் இருந்தால் அதையும் அன்றே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எண்ணை எப்படிக் காப்பது

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கைப்பேசி எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியில் வந்துவிட்டது. தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. ஆகவே பிஎஸ்என்எல் எண்ணை வைத்திருப்பவர் அதே பிஎஸ்என்எல் ஃபைபருக்கு மாறினால் எண் தொடர வாய்ப்புண்டு. ஜியோ, ஏர்டெல் போன்ற வேறு நிறுவனத்துக்குப் போனால் புதிய எண்தான் கிடைக்கும். விற்பனைக்கு வருபவர் வேறு விதமாகச் சொன்னால், அதை விண்ணப்பத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எண் என்பது ஊர்ப் பகுதியோடும் கட்டுண்டது. கும்பகோணம் 0435, தஞ்சாவூர் 04362, மயிலாடுதுறை 04364, நாகப்பட்டினம் 04365, திருவாரூர் 04366, மன்னார்குடி 04367, பட்டுக்கோட்டை 04373, பாபநாசம் 04374 என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறியீடு உண்டு. பாபநாசத்து எண்ணைக் கும்பகோணத்துப் புது வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வீடு மாறப்போகிறவர்கள் இதைக் கணக்கில் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

விண்ணப்பம் கொடுக்கும்போது, 'புதிய இணைப்பு' என்று எழுதாமல், 'இன்ன எண்ணுள்ள செம்பு இணைப்பை அதே எண்ணுடன் ஃபைபருக்கு மாற்றுதல்' என்று தெளிவாக எழுதுங்கள்; பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய இணைப்பை நீங்களாக முதலில் சரண்டர் செய்யவே கூடாது. மன்னார்குடியில் எங்கள் சித்தப்பா, இரண்டு பில் எதற்கு என்று நினைத்துப் பழையதை முதலில் ஒப்படைத்துவிட்டுப் புதியதற்கு விண்ணப்பித்தார். முப்பது ஆண்டுகளாக உறவுக்காரர் அனைவருக்கும் தெரிந்திருந்த எண் விடுவிக்கப்பட்ட எண்களோடு சேர்ந்துவிட்டது; திரும்பப் பெற அவர் நடந்த நடைக்குப் பலன் கிடைக்கவில்லை. ஒரு மாதம் இரண்டு பில் கட்ட நேர்ந்தாலும் அது சிறிய விலைதான்.

வேறு நிறுவனமே உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது, எண் மாறுவதைத் தவிர்க்க முடியாது என்றால், புதிய எண் இயங்கத் தொடங்கிய பிறகும் பழையதைக் குறைந்தது இரண்டு மாதம் உயிரோடு வைத்திருங்கள். வங்கி, சமையல் எரிவாயு முகவர், எல்ஐசி, ஓய்வூதிய அலுவலகம், குடும்ப மருத்துவர், வெளிநாட்டு உறவினர் என்று பழைய எண் பதிவாகியுள்ள இடங்களை ஒரு தாளில் எழுதி, மாற்ற மாற்ற அடித்துக்கொண்டே வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எண்ணைச் சொல்லும்போது, முன்னால் உள்ள சுழியத்தை நீக்கி, 91-க்குப் பின் 435 அல்லது 4374 என்று தொடங்கி எழுதிக் கொடுங்கள்.

மூன்றாம் படி: இழையைக் கொண்டுவருபவரிடம் கேட்க வேண்டியவை

நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தாலும், சிற்றூர்களில் இழையை இழுத்து வந்து பராமரிப்பவர் பெரும்பாலும் உள்ளூர் கேபிள் டிவி நடத்துநர்தான். ஆகவே திட்டத்தின் விலையை விட அவரைப் பற்றிய விசாரிப்பே முக்கியம் என்பது என் கருத்து. அவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, உங்கள் அறையில் இருந்து எல்லா வீடுகளுக்கும் ஒளியை அனுப்பும் ஓஎல்டி கருவிக்கு மின்தடையின்போது எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்கும் என்பதுதான். அந்தக் கருவியிலிருந்து நம் வீடு வரை வழியில் உள்ள ஒளிப்பிரிப்பான்களுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் அந்த அறையில் மின்சாரம் நின்றால், நம் வீட்டில் எவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் தொலைபேசி பேசாது. ஜெனரேட்டர் இருக்கிறது என்று அவர் சொன்னால், அதே தெருவில் ஏற்கெனவே இணைப்பு வாங்கிய இரண்டு வீடுகளில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, இழை எந்தப் பாதையில் வருகிறது என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் நெல் அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய லாரியும் தெருவுக்குள் வரும்போது, தாழ்ந்து தொங்கும் கேபிள்தான் முதலில் அறுகிறது. தென்னந்தோப்பின் ஊடாக வந்தால் மட்டை விழும்; அணில் கடிக்கும். தேரோடும் வீதிகளில், தேரோட்டத்துக்கு முன் குறுக்கே செல்லும் கம்பிகளை இறக்கிவிடுவார்கள் என்பதால், அங்கே வசிப்பவர்கள் பக்கத்துச் சந்து வழியாக இழையைக் கொண்டுவரச் சொல்வது நல்லது. அறுந்தால் ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரம் அவரிடமே இருக்கிறதா, வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டுமா என்பதையும் கேளுங்கள்; ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை மூன்று நாள் ஆவது இதனால்தான்.

இழையே வராத ஊர்களில், வானலை வழியே வரும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகளிலும் தொலைபேசி வசதி தரப்படுகிறது. கூரையின் மேல் பொருத்தும் அந்தக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். மற்றபடி, இழையையும் அதன் ஒளியையும் பற்றியவை தவிர, கீழே சொல்லும் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

திட்ட விலையைப் பொறுத்தவரை, 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்த தொகை, பெட்டிக்கு வாடகையா வைப்புத்தொகையா, வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் ஆகிய மூன்றைக் கேட்டால் போதும்.

நான்காம் படி: பொருத்தும் நாள்

ஓஎன்டி பெட்டியை எங்கே வைப்பது என்பதை முன்னதாகவே முடிவு செய்துவிடுங்கள். தொலைபேசி இருக்கும் கூடத்துக்கு அருகில், இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் அருகில், தரையிலிருந்து குறைந்தது நான்கு அடி உயரத்தில், ஓட்டு வீடாக இருந்தால் ஒழுகாத சுவரில் என்பதே நான் பின்பற்றும் அளவு. தாழ்வான பகுதிகளில் வெள்ளநீர் ஏறிய பழைய தடம் சுவரில் இருந்தால், அதற்கு மேலே பொருத்துங்கள்.

இழையைக் கதவு இடுக்கில் நசுங்கும்படி நுழைக்கக் கூடாது. சுவர் மூலையில் மடக்கக் கூடாது. ஒரு தேநீர்க் குவளையைச் சுற்றி வரும் அளவுக்கான வளைவைவிடக் குறுகலாக வளைந்தால் ஒளி கசியத் தொடங்கும். இழையின் முனையை யாரும் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி.

வேலை முடிந்ததும், ஒளியின் வலிமையை மீட்டரில் காட்டும்படி தொழில்நுட்பரிடம் கேளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால், இன்றைக்கு வேலை செய்தாலும் ஒரு இணைப்பில் அழுக்கு படிந்ததும் நின்றுவிடும். அந்த எண்ணைத் தேதியுடன் பெட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள். பிறகு பழுது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றே ஆதாரம். பெட்டியில் பான் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள்.

ஐந்தாம் படி: வீட்டின் பழைய ஒயரிங்

பல வீடுகளில் கூடத்தில் ஒரு தொலைபேசி, மாடியில் ஓர் எக்ஸ்டென்ஷன், கொல்லைப்புறத்தில் ஒரு மணி என்று சுவருக்குள் கம்பி ஓடியிருக்கும். அதையே புதிய பெட்டியுடன் இணைத்து எல்லாவற்றையும் இயக்கலாம். ஆனால் அதற்கு முன், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியை வீட்டு ஒயரிங்கிலிருந்து முற்றிலும் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால், எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட்டும் மணியடிக்க வரும் அதைவிட உயர்ந்த மாறுமின்சாரமும் பெட்டியின் தொலைபேசித் துளைக்குள் பாய்ந்து அதைச் சேதப்படுத்திவிடும். மழைக்காலத்து இடியும் அந்த வெளிக்கம்பி வழியாகவே உள்ளே வரும். புதிய இணைப்பு சரியாக இயங்குகிறது என்று உறுதியான பிறகே இந்தப் பிரிப்பைச் செய்யுங்கள். அதுவரை புதிய பெட்டியில் ஒரு தொலைபேசியை மட்டும் நேரடியாகச் செருகிச் சோதியுங்கள்.

வட்டத் தட்டைச் சுழற்றி டயல் செய்யும் பழைய கறுப்புத் தொலைபேசியைப் பலர் அன்போடு வைத்திருக்கிறார்கள். அதில் அழைப்பு வந்தால் பேசலாம். ஆனால் பெரும்பாலான ஓஎன்டி பெட்டிகள் சுழற்சித் துடிப்பைப் புரிந்துகொள்வதில்லை என்பதால் அதிலிருந்து அழைக்க முடியாமல் போகலாம். பட்டன் தொலைபேசியில் அடியிலோ பக்கத்திலோ பல்ஸ், டோன் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது டோனில் இருக்க வேண்டும். மூன்று தொலைபேசிகளுக்கு மேல் ஒரே துளையில் மாட்டினால் மணி மெலிந்து ஒலிக்கும். ஃபேக்ஸ் இன்னும் பயன்படுத்தும் மருத்துவமனை, அரிசி ஆலை அலுவலகங்கள், ஒரு பக்கமாவது அனுப்பிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கையெழுத்திடுங்கள். பத்து அறை இன்டர்காம் வைத்திருக்கும் கும்பகோணத்து லாட்ஜ் போன்ற இடங்களுக்கு இந்த வழிகாட்டி போதாது. அவர்கள், ஒரே இணைய இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் எஸ்ஐபி டிரங்க் பற்றி நிறுவனத்தின் வணிகப் பிரிவில் கேட்க வேண்டும்.

ஆறாம் படி: மின்சாரம், இனி நம் பொறுப்பு

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில், காலை ஒன்பது மணிக்கு நின்ற மின்சாரம் மாலை வரை வராமல் இருப்பதும் உண்டு. தனியாக இருக்கும் முதியவர் விழுந்துவிட்டால் அழைக்க வேண்டிய தொலைபேசி அந்த எட்டு மணி நேரமும் இயங்க வேண்டும். ஓஎன்டி பெட்டி வைஃபையோடு சேர்த்து ஏறத்தாழ 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 80 வாட்-மணி தேவை. கடைகளில் கிடைக்கும் சிறிய 12 வோல்ட் மினி யுபிஎஸ்-இல் உள்ள லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 30 வாட்-மணிதான்; அது மூன்று மணி நேரம்கூட முழுதாகத் தாங்காது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 84 வாட்-மணி என்றாலும், நடைமுறையில் ஆறு மணி நேரமே எதிர்பார்க்கலாம். வீட்டில் 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் கவலையில்லை. பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் வரிசையில் இருக்கிறதா என்பதை மெயினை அணைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மினி யுபிஎஸ் வாங்குவோர் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து அதற்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். கார்ட்லெஸ் தொலைபேசியின் அடித்தளத்துக்கும் தனி மின்சாரம் வேண்டும் என்பதால், மின்தடைக்கென்று கம்பியுள்ள சாதாரணத் தொலைபேசி ஒன்றை மாட்டியே வைத்திருங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பகுதிகளில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் செயலற்றுப்போயின. அப்படிப்பட்ட நாட்களுக்கு எந்த வீட்டுப் பேட்டரியும் ஈடுகொடுக்காது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே, தொலைபேசி நிறுவனத்தைத் தவிர வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட சாதாரண பட்டன் கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்து, அணைத்து, உலர்ந்த இடத்தில் வைத்துவிடுவது எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிக்கும் ஏற்பாடு.

ஏழாம் படி: சோதித்துப் பார்த்தல்

தொழில்நுட்பர் வீட்டை விட்டுப் போகும் முன் வெளியிலிருந்து ஒரு கைப்பேசியால் பழைய எண்ணை அழையுங்கள். மணி புதிய பெட்டியில் அடிக்க வேண்டும். பிறகு இங்கிருந்து கைப்பேசியை அழையுங்கள். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசி எண்ணுக்கும் முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும். ஃபைபருக்கு மாறியும் அதுவே விதி. தொலைபேசியில் சேமித்த பழைய எண்களில் சுழியம் இல்லாவிட்டால் இப்போதே திருத்திவிடுங்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசி, இரு பக்கமும் குரல் கேட்கிறதா, எதிரொலி உண்டா என்று கவனியுங்கள். வங்கியின் தானியங்கிக் குரல் சேவையை அழைத்து எண்ணை அழுத்திப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். கடைசியாக மெயினை அணைத்துவிட்டு மீண்டும் ஒரு முறை பேசுங்கள்.

சில நிறுவனங்கள் வீட்டு எண்ணைக் கைப்பேசிச் செயலியிலும் ஒலிக்கச் செய்கின்றன. சென்னையில் இருக்கும் மகனின் கைப்பேசியில் ஊர் வீட்டுத் தொலைபேசி அடிப்பது மிகவும் உதவியானது. ஆனால் 108, 112 போன்ற அவசர எண்களை அந்தச் செயலி வழியே அழைக்காதீர்கள். கைப்பேசியின் வழக்கமான டயலிலிருந்தே அழையுங்கள்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். 'உங்கள் இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9 அழுத்துங்கள்' என்று வரும் அழைப்புகள் மோசடி. ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

எட்டாம் படி: பழைய இணைப்பை ஒப்படைத்தல்

அதே நிறுவனத்துக்குள் எண்ணோடு மாறியிருந்தால், பழைய செம்பு இணைப்பின் வாடகை நின்றுவிட்டதா என்று அடுத்த பில்லில் பாருங்கள். நிற்காவிட்டால் 198-இல் புகார் பதிவு செய்து எண் வாங்குங்கள், அதற்கும் பலனில்லையென்றால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தால், எல்லா இடங்களிலும் எண் மாறிய பிறகு சரண்டர் விண்ணப்பம் கொடுங்கள். இணைப்பு வாங்கியபோது கட்டிய வைப்புத்தொகை இப்போது நினைவில் இருக்காது; பழைய பில்லில் அது அச்சாகியிருக்கும். நிறுவனம் கொடுத்த தொலைபேசியையும் மோடத்தையும் ஒப்படைத்து அதற்கு ரசீது பெறுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் சேர்த்துக் கொடுத்து, மீதித் தொகை கணக்கில் ஏறும் வரை எல்லா ரசீதுகளையும் ஒரே உறையில் வைத்திருங்கள். எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது சில நூறு ரூபாய்தான். அந்தக் கணக்கில் அப்பாவின் பெயர் கடைசியாக அச்சாகியிருந்த தாள் என்பதால், அம்மா அந்த ரசீதை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.